மஞ்சள் விளக்கு எரிந்தால்... ஓட்டு!

எங்கள் வீட்டில் எது ரிப்பேர் ஆனாலும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். நான் பி.காம்.! மிக்ஸி ஓடவில்லை என்றால், அதற்கு வருஷத்துக்கு எவ்வளவு தேய்மானம் எழுதலாம் என்று சொல்வேனே தவிர, பிளக்கைப் பிடுங்கிப் பார்க்கக்கூடத் தோன்றாது.

அப்படிப்பட்ட எனக்கு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு மச்சினனிடமிருந்து போன்.

"மாமா... வண்டி நாப்பதுக்கு மேல போக மாட்டேங்குது. மிதிச்சா, 'எதுக்கு மிதிக்கறே?'ன்னு கேக்கற மாதிரி உறுமுது. அறுபது கேன் ஏத்தியாச்சு. கொஞ்சம் வர்றீங்களா?"

"நான் வந்து என்னடா பண்ணப் போறேன்?"

"ரிப்பேர் பண்ண இல்ல மாமா. நீங்க கூட நின்னா பில்லு கொறையும்னு அக்கா சொல்லிச்சு."

என் திறமையைச் சரியாக எடை போட்டு வைத்திருக்கிறாள் என் மனைவி. கிளம்பினேன்.

மச்சினனுக்குத் தாம்பரத்தில் தண்ணீர் கேன் வியாபாரம். 2021 மாடல் டீசல் பிக்கப் ஒன்றை செகண்ட் ஹாண்டில், கடனில் வாங்கியிருக்கிறான். மாசம் 14,200 ரூபாய் தவணை. ஒவ்வொரு மாசமும் 5-ம் தேதி வந்தால், அவன் முகத்தைப் பார்த்தே காலண்டர் தேவையில்லாமல் தேதி சொல்லிவிடலாம். 20 லிட்டர் கேன் ஒன்று 20 கிலோ. அறுபது கேன் என்றால் 1,200 கிலோ. கம்பெனியில் ஏற்றிக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் போவான். முதல் தெருவில் நிறுத்தி நாலு கேன். அடுத்த தெருவில் ஆறு கேன். இறங்கி ஏறுகிற நேரமெல்லாம் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். 'அணைச்சு அணைச்சு ஸ்டார்ட் பண்ணா டீசல் ஜாஸ்தி குடிக்கும் மாமா' என்பது அவன் சித்தாந்தம். காலையிலிருந்து ராத்திரி வரை ஓடினாலும் மீட்டரில் 35 கிலோமீட்டர் ஏறாது. வாங்கின நாளிலிருந்து அந்த வண்டி டாப் கியரைப் பார்த்ததே இல்லை!

போய்ப் பார்த்தேன். டாஷ்போர்டில் ஓரிடத்தில் சிவப்பாக ஒரு ஸ்டிக்கர் பொட்டு.

"இதென்னடா, வண்டிக்குப் பொட்டு வெச்சிருக்கே?"

தலையைச் சொறிந்தான். "ரெண்டு வாரமா அங்க ஒரு மஞ்ச லைட் எரிஞ்சிட்டிருந்தது மாமா. ராத்திரியில கண்ணைக் குத்துச்சு. அதான் அவளோட பொட்டு ஒண்ணை எடுத்து..."

பொட்டைப் பிய்த்தேன். உள்ளே மஞ்சளாக ஒரு படம். ஒரு டப்பா, அதற்குள் புள்ளி புள்ளியாக ஏதோ, இரண்டு பக்கமும் குழாய்.

"நம்ம கேன் மாதிரியே இருந்துச்சு மாமா. குமிழி குமிழியா... தண்ணி சம்பந்தப்பட்டதுன்னு விட்டுட்டேன்!"

தண்ணீர் சம்பந்தப்பட்டதில்லை. புகை சம்பந்தப்பட்டது. அந்த டப்பாவுக்குப் பெயர் டீசல் பர்ட்டிகுலேட் ஃபில்டர், சுருக்கமாக டி.பி.எஃப். அன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரிந்த ஒரே ஃபில்டர், காபி ஃபில்டர்தான்.

முதலில் சர்வீஸ் சென்டருக்குப் போனோம். கண்ணாடி அறை, ஏ.சி., இலவச காபி. இலவச காபி கொடுத்தாலே எனக்கு வயிறு கலங்கும். கலங்கியது வீண் போகவில்லை. "ஃபில்டர் ஃபுல்லா அடைச்சிடுச்சு சார். மாத்தணும். ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ஆகும். பார்ட்ஸ் வர பத்து நாள்."

மச்சினன் காபியைக் கீழே வைத்துவிட்டான்.

வெளியே வந்தால், கேட்டருகே ஒருத்தர் காத்திருந்தார். ஆஸ்பத்திரி வாசலில் நாட்டு மருந்துக்காரர் நிற்பதுபோல! "எவ்வளவு சொன்னாங்க? லட்சமா? எதுக்குங்க? பதினஞ்சாயிரம் குடுங்க. டப்பாவை வெட்டி, உள்ளே இருக்கறதை உடைச்சு எடுத்துட்டு, திரும்ப வெல்டிங் வெச்சிடறேன். பார்த்தா தெரியாது. கம்ப்யூட்டரையும் மாத்தி எழுதிடுவோம். அப்புறம் ஜென்மத்துக்கும் அந்த லைட் எரியாது."

ஏ.டி.எம். சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். 1,10,000 கழித்தல் 15,000. மிச்சம் 95,000. ஆறரை மாசத் தவணைப் பணம்!

"வெட்டிடலாம்டா" என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன். எழுதுகிறவன் உத்தமன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

ஆனால், மச்சினனுக்கு ஒரு பழக்கம். வண்டி விஷயமாக எது செய்தாலும், தன் பழைய வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்த பெருங்களத்தூர் மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செய்ய மாட்டான். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்துபோய்ச் சேர்ந்தோம்.

மெக்கானிக்குக் கிட்டத்தட்ட அறுபது வயசு. டிப்ளமா படித்த பையன் கூடவே இருக்கிறான். ஸ்கேனர் மகன் கையில், அனுபவம் அப்பா கையில். விஷயத்தைக் கேட்டார். ஒன்றும் பேசவில்லை. கொஞ்சம் பனியன் வேஸ்ட்டை எடுத்தார். ஷெட்டில் 2012 மாடல் வண்டி ஒன்று நின்றது. அதன் சைலன்சர் வாய்க்குள் துணியை விட்டு ஒரு சுற்று சுற்றினார். வெளியே எடுத்தால்... கண் மை! இன்னொரு வெள்ளைத் துணியை எடுத்து, எங்கள் வண்டியின் சைலன்சரில் விட்டார். கொஞ்சம் தூசி, அவ்வளவுதான்.

"ரெண்டும் டீசல் வண்டிதான். இதுல இருக்கிற கறுப்பு அதுல எங்கே போச்சு?"

"......"

"அந்த டப்பாக்குள்ளே இருக்கு. டப்பாவை வெட்டிட்டா எங்கே போகும்?"

பதிலை நான் சொல்வதற்குள் அவருக்கு இருமல் வந்துவிட்டது. கொஞ்ச நேரம் இருமினார். "முப்பத்தஞ்சு வருஷமா இந்தப் புகையிலதான் நின்னுட்டிருக்கேன். எனக்கு யாரும் ஃபில்டர் வெக்கலை" என்றார் சிரித்தபடி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தினமும் காலை ஏழே முக்காலுக்கு மச்சினன் வண்டி எங்கள் ஃபிளாட் வாசலில்தான் நிற்கும், எஞ்சின் ஓடியபடி. அதே நேரத்தில், அதே வாசலில்தான் ஸ்கூல் பஸ்ஸுக்காக ஏழெட்டுக் குழந்தைகள் நிற்கும். பெரியவர்களைவிட அதுகளின் மூக்குதான் சைலன்சருக்குக் கிட்டே. அதில் ஒரு மூக்கு என் பெண்ணுடையது.

ஏ.டி.எம். சீட்டைக் கசக்கிப் போட்டேன். என் கணக்கில் ஒரு செலவைச் சேர்க்காமலே விட்டிருந்தேன்.

"சரி... இந்த டப்பா உள்ளே அப்படி என்னதான் நடக்குது?" என்று கேட்டேன். அவர் சொன்னதையும், அப்புறம் நானே படித்துத் தெரிந்துகொண்டதையும் பி.காம். பாஷையில் சொல்கிறேன்.

டப்பாவுக்குள் பீங்கான் மாதிரி ஒரு கட்டி. தேன்கூடு போல நூற்றுக்கணக்கில் நீளத் துளைகள். ஆனால், ஒரு துளைக்கு முன்பக்கம் அடைப்பு, பக்கத்துத் துளைக்குப் பின்பக்கம் அடைப்பு. உள்ளே வந்த புகை நேராக வெளியே போக முடியாது. நடுச் சுவரின் நுண்ணிய ஓட்டைகள் வழியாகத்தான் அடுத்த துளைக்குப் போக வேண்டும். காற்று போய்விடும், கரி தங்கிவிடும். டிகாக்ஷன் இறங்கி, காபிப்பொடி மேலே நிற்கிற அதே சமாச்சாரம்தான்!

காபி ஃபில்டரை தினமும் காலி செய்து கழுவுகிறோம். இதை யார் கழுவுவது? இதுவே தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும், எரித்து! ஹைவேயில் நல்ல வேகத்தில், லோடோடு போகும்போது புகையே சூடாக இருக்கும். அந்தச் சூட்டில் கரி கொஞ்சம் கொஞ்சமாகத் தானே எரிந்துவிடும். அந்தச் சூடு கிடைக்காவிட்டால், ஃபில்டருக்கு முன்னும் பின்னும் அழுத்தத்தை அளக்கிற சென்சார், 'அடைப்பு ஏறுகிறது' என்று கம்ப்யூட்டரிடம் கோள் சொல்லும். கம்ப்யூட்டர் கொஞ்சம் டீசலைத் தாமதமாகப் பீய்ச்சி அனுப்பும். அது வழியில் எரிந்து, ஃபில்டரின் சூட்டை சுமார் 600 டிகிரிக்கு ஏற்றும். பதினைந்து இருபது நிமிஷத்தில் கரி காலி. இதற்கு 'ரீஜெனரேஷன்' என்று பெயர்.

அந்தப் பதினைந்து நிமிஷம் வண்டி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மச்சினன் வண்டி மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை நிற்கிற வண்டி! எரிக்க ஆரம்பிக்கும்போது அடுத்த ஃபிளாட் வந்துவிடும். ராத்திரி வீட்டுக்குப் போகும்போது மறுபடி ஆரம்பிக்கும், வீடு வந்துவிடும். அடுப்பில் உலை வைத்து, கொதிக்கும் நேரத்தில் அணைத்து, மறுபடி பற்றவைத்து, மறுபடி அணைத்தால் சோறு எப்படி வேகும்?

"இப்ப ஞாபகம் வருதுண்ணே. சில நாள் வண்டியை நிறுத்தின அப்புறமும் ஃபேன் ஓடிட்டே இருக்கும். ஒரு மாதிரி தீஞ்ச வாசனை வேற வரும். நான் பயந்து போய் அணைச்சிடுவேன்" என்றான் மச்சினன்.

"அது எரிச்சிட்டிருந்த நேரம்டா! அப்பத்தான் அணைக்கவே கூடாது. மஞ்ச லைட்டு வந்ததும் என்ன பண்ணே?"

"டீக்கடையில எல்லாரும் 'மஞ்ச லைட்டா? உடனே ஆஃப் பண்ணி எஞ்சினை ஆற விடு'ன்னாங்க. ஆற விட்டேன்."

"அது 'என்னை ஓட்டு'ன்னு சொல்லுது. நீ ஆற விட்டிருக்கே. சுகர் பேஷன்டை டாக்டர் நடக்கச் சொன்னா, கட்டில் போட்டுப் படுக்க வெச்ச கதைதான்!"

(ஆறு மாசத்துக்கு முன்னால் ஒரு டாக்டர் என்னையும் நடக்கச் சொன்னார். அது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லாத விஷயம்.)

அடுத்து ஆயில் கம்பியை இழுத்துப் பார்த்தார். மச்சினன் பெருமையாக, "ஆயில் குறையவே இல்லண்ணே. சொல்லப்போனா ஏறியிருக்கு!" என்றான், அட்சய பாத்திரம் கிடைத்த முகத்தோடு.

மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். ஏறியது ஆயில் அல்ல, டீசல்! எரிப்பு பாதியில் நின்றுபோகிற ஒவ்வொரு தடவையும், தாமதமாகப் பீய்ச்சின டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கிவிடுகிறது. ஆயில் நீர்த்துப்போனால் எஞ்சினே தேய்ந்துவிடும். அதைவிடக் கொடுமை, பழைய வண்டிக்கு ஊற்றிய அதே சீப்பான ஆயிலை இதற்கும் ஊற்றியிருக்கிறான்.

"இதுக்குச் சாம்பல் கம்மியா இருக்கிற ஆயில்தான் ஊத்தணும். கரி எரியும், சாம்பல் எரியாது. விறகடுப்பு ஊதினவங்களுக்குத் தெரியும்" என்றார்.

எனக்குச் சட்டென்று புரிந்தது. கரி என்பது வரவேண்டிய பாக்கி, துரத்தினால் வசூலாகும். சாம்பல் என்பது வாராக் கடன், உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடினபிறகு ஃபில்டரைக் கழற்றி, மெஷினில் சுத்தம் செய்தோ புதுசு போட்டோதான் அதைத் தீர்க்க முடியும்.

இதற்கிடையில் எங்கள் ஃபிளாட் செகரட்டரி போனில் வந்து, "யூரியா ஊத்தலையா? என் சகலை வண்டிக்கு அதுதான் ஊத்தறாங்க" என்றார். அது வேறு, இது வேறு. 32.5 சதவிகித யூரியா கரைசல் ஊற்றுகிற வண்டிகள் உண்டு. அது நைட்ரஜன் ஆக்ஸைடு வாயுக்களை அடக்குவதற்கு. கரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எங்கள் வண்டியில் அந்த டாங்க்கே கிடையாது.

மகன் ஸ்கேனரை மாட்டினான். "ஃபில்டர் போகலைப்பா. அடைப்புதான். இன்னும் ஒரு வாரம் ஓட்டியிருந்தா தாண்டியிருக்கும்." அளவுக்கு மேல் கரி சேர்ந்துவிட்டால், மெஷின் வைத்தும் எரிக்க விடாதாம். அவ்வளவு கரியும் ஒரேயடியாகப் பற்றினால் பீங்கானே உருகிவிடும்!

முதலில், ஏன் இவ்வளவு கரி என்று தேடினார்கள். டர்போவிலிருந்து போகிற காற்றுக் குழாயில் விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல். காற்று குறைந்தால் டீசல் சரியாக எரியாது, கரி கொட்டும். "ஃபில்டர் அடைச்சா உடனே ஃபில்டரைத் திட்டக் கூடாதுங்க. அது கூட்டுக்குடும்பத்து மருமகள் மாதிரி. இன்ஜெக்டர் ஒழுகினாலும், ஈ.ஜி.ஆர். வால்வு மாட்டிக்கிட்டாலும், டர்போ ஆயில் கக்கினாலும் பழி அது தலையிலதான் விழும்" என்றார் பெரியவர். புதுக் குழாய் போட்டார்கள். ஆயிலை வடித்துவிட்டு, சரியான ஆயில் ஊற்றினார்கள்.

பிறகு வண்டியை வெட்டவெளியில் நிறுத்தி, அடியில் இருந்த சருகையெல்லாம் கூட்டித் தள்ளி, ஸ்கேனரில் ஒரு பட்டனை அமுக்கினான் பையன். எஞ்சின் தானாகவே உறும ஆரம்பித்தது. யாரும் மிதிக்காமல் வண்டி உறுமுவதைப் பார்த்து மச்சினன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். அரை மணி நேரம் போகி பண்டிகை! பக்கத்தில் நிற்க முடியாத அனல். ஸ்கேனரில் கரி அளவு இறங்க இறங்க, மச்சினன் முகத்தில் தவணைத் தேதி தள்ளிப்போன பிரகாசம்.

மஞ்சள் விளக்கு அணைந்தது.

அன்றைக்கு ராத்திரியே வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் ஒரு ஓட்டம். பெரியவர் உத்தரவு. என் மனைவி புளியோதரை கட்டிக் கொடுத்தாள். அறுபது கிலோமீட்டர் வேகத்தில், நிற்காமல், நெமிலிச்சேரி வரைக்கும் போய்த் திரும்பினோம். மச்சினன் முதல் தடவையாக டாப் கியர் போட்டான். "மாமா... இது நம்ம வண்டிதானா?" என்று கேட்டான். பாவம், வண்டியும் அதையே கேட்டிருக்கும்.

டாஷ்போர்டுப் பெட்டியைத் திறந்தேன். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத கையேடு, இங்கிலீஷில். 'இந்த விளக்கு எரிந்தால் 20 நிமிஷம் நிற்காமல் நல்ல வேகத்தில் ஓட்டவும்' என்று படம் போட்டு எழுதியிருந்தது! விற்றவர் சொல்லவில்லை. வாங்கினவன் படிக்கவில்லை. ஒரே ஒரு வரி. அதற்கு விலை, கொஞ்சம் ஏமாந்திருந்தால் ஒரு லட்சத்துப் பத்தாயிரம்.

இந்த டப்பா நம் ஊருக்கு ஏன் வந்தது? இந்தியா முழுக்க பி.எஸ்.4 விதி வந்தது 2017 ஏப்ரலில். நடுவில் 5-ஐத் தாண்டிக் குதித்து, 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6. டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் கரித்துகள் வரை விடலாம் என்றிருந்தது, 4.5 மில்லிகிராமாகக் குறைந்தது. நகைக்கடைத் தராசில்கூட நிற்காத எடை! டீசலில் இருந்த கந்தகமும் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காக இறங்கியது. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-லேயே முதல் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்து, அதில் இரண்டரைப் பங்குக்கும் கீழே இருக்கிற துகள்கள் இவை. மூக்கு முடி தடுக்காது. நுரையீரலின் கடைசி அறை வரைக்கும் போய் உட்காரும்.

வெட்டி எறிவது சட்டப்படியும் குற்றம். வண்டியை அனுமதியில்லாமல் மாற்றினால், 2019-ல் திருத்தின மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்தக்காரருக்கு ஆறு மாசம் வரை ஜெயில், அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

பிக்கப் வைத்திருப்பவர்கள் கத்தரித்து டாஷ்போர்டில் ஒட்டிக்கொள்ள:

* மஞ்சள் ஃபில்டர் விளக்கு எரிந்தால் அணைக்காதீர்கள். இருபது நிமிஷம், நிற்காமல், கையேடு சொல்கிற வேகத்தில் ஓட்டுங்கள். சிவப்பு விளக்கு வந்தாலோ, வண்டி இழுக்காவிட்டாலோ ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

* டவுனுக்குள்ளேயே ஓடுகிற வண்டிக்கு வாரம் ஒரு தடவை ஹைவே ஓட்டம் கொடுங்கள்.

* லோடு இறக்கும்போது எஞ்சினை வெறுமனே ஓடவிடாதீர்கள். கரி சேரும், சூடு சேராது.

* நின்றபிறகும் ஃபேன் ஓடுகிறதா, தீய்ந்த வாசனை வருகிறதா? எரிப்பு நடக்கிறது. முடிந்தால் இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வாருங்கள்.

* அந்த நேரத்தில் சருகு, வைக்கோல் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள்.

* ஆயில் அளவு ஏறினால் சந்தோஷப்படாதீர்கள். கையேட்டில் எழுதியிருக்கிற ஆயிலையே ஊற்றுங்கள்.

* சைலன்சர் வாய் திடீரென்று கறுத்தால், ஃபில்டர் உடைந்திருக்கலாம்.

கடைசியாகக் கணக்கு. மெஷின் வைத்து எரித்ததற்கு 4,500. குழாய் 1,800. ஆயில் வகையறா 5,200. மூன்று நாள் வாடகை வண்டிக்கு 5,400. மொத்தம் 16,900 ரூபாய். வெட்டுக்காரர் கேட்டதைவிட 1,900 ரூபாய் அதிகம்! இதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று யோசித்தேன். 'குட்வில்' என்று எழுதிவிட்டேன். கண்ணுக்குத் தெரியாத சொத்து என்று காலேஜில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

மச்சினன் என்னைவிட நல்ல வியாபாரி. சும்மா எதற்கு ஹைவேயில் ஓட்டுவது என்று, செங்கல்பட்டில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்துவிட்டான். இப்போது ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வண்டிக்கு வாக்கிங்கும் ஆச்சு, கேனுக்குக் காசும் ஆச்சு. எங்கள் ஃபிளாட் வாசலில் வந்து நின்றதும் எஞ்சினை அணைத்துவிடுகிறான்.

போன ஞாயிறு அவன் செங்கல்பட்டு கிளம்பின சத்தத்தில் விழித்துக்கொண்டேன். மறுபடி போர்வையை இழுத்தேன். என் மனைவி லைட்டைப் போட்டாள்.

மஞ்சள் விளக்கு.

"வண்டிக்கே வாரத்துக்கு ஒரு தடவை ஓட்டம் கேக்குது... எழுந்திருங்க!" என்றாள்.

எழுந்துவிட்டேன். அடைப்பு வந்தால், என்னை மாற்ற எவ்வளவு ஆகும் என்று எந்த சர்வீஸ் சென்டரிலும் சொல்ல மாட்டார்களே!